பிள்ளைகள் இயற்கையோடு பழகுவதைப் பற்றிப் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள்? டர்பனில் அளந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் தமிழ்ப் பள்ளி, கோவில் சங்கம், பெற்றோர் குழு என்று எதையாவது நடத்துகிறவர்களிடம் இந்த வேலை எப்போதாவது வந்து சேரும்: "பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதைப் பற்றிப் பெற்றோரிடம் ஒரு சர்வே எடுங்களேன்." பத்துக் கேள்வி, ஐந்து கட்டம், வாட்ஸாப்பில் ஒரு லிங்க். எல்லாரும் இயற்கை நல்லது என்று டிக் போடுவார்கள். அப்புறம் சனிக்கிழமை காலை சில்வர்கிளென் இயற்கைக் காப்பகத்துக்கு வண்டி ஏற்பாடு செய்தால் ஏற ஆள் இருக்காது.

பெற்றோர் பொய் சொல்லவில்லை. 'நல்லது' என்று நினைப்பது, 'பயமாக இருக்கிறது' என்று நினைப்பது, 'போ' என்று பிள்ளையை விடுவது, இவை மூன்றும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் சேர்ந்தே இருக்கும். அவற்றைத் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாகவே எண்ணி, கடைசி வரை கலக்காமல் வைத்திருப்பதற்குத்தான் கீழே உள்ள அத்தனை படிகளும். உதாரணங்களை டர்பனின் ஒரு பகுதியான சாட்ஸ்வொர்த்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் என்றால் இடப்பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முடிவை முதலில் எழுதுங்கள்

கேள்வி எழுதுவதற்கு முன்னால், பதில்கள் வந்ததும் என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை மாதம் ஒரு முறை காப்பகத்துக்குக் கூட்டிப் போவதா, பள்ளி வளாகத்திலேயே தோட்டம் போடுவதா" என்பது நல்ல வரி. "பெற்றோரின் விழிப்புணர்வை அறிவது" என்பது எதற்கும் உதவாது. எந்தக் கேள்வியை வெட்டலாம் என்று அது சொல்லித் தராது.

அந்த வரிக்குக் கீழே இன்னொரு பட்டியல் போடுங்கள்: எந்தெந்த இடம் கணக்கில் வரும்? வீட்டு முற்றம், ஃபிளாட்டுக்குக் கீழே உள்ள புல்தரை, பார்க், கடற்கரை, காப்பகம், உம்லாஸ் ஆற்றோரம். ஆயாவோடு (பாட்டியோடு) முருங்கைக்கீரை பறிப்பதும் மடும்பி (சேப்பங்கிழங்கு) தோண்டுவதும் சேருமா? என்னைக் கேட்டால் கட்டாயம் சேரும். முற்றம் உள்ள வீடுகளில் பிள்ளை மண்ணைத் தொடுவது பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சேர்ப்பதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். பதில்கள் வந்த பிறகு முடிவு செய்தால் நமக்கு வேண்டிய எண் கிடைக்கும் பக்கமாகவே கை போகும்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

அனுமதிதான் அதிக நேரம் பிடிக்கும், அதனால் அதை முதலில் கேளுங்கள். அரசுப் பள்ளி வழியாகப் பெற்றோரை அணுகுவதென்றால் குவாசூலு-நட்டால் மாகாணக் கல்வித் துறையின் அனுமதியும் தலைமையாசிரியரின் சம்மதமும் வேண்டும். பல்கலைக்கழகப் படிப்புக்காகச் செய்தால் அங்குள்ள நெறிமுறைக் குழுவையும் தாண்டியாக வேண்டும். கோவில் சங்கத்தின் சொந்தத் தேவைக்கு இவ்வளவு வேண்டியதில்லை, ஆனால் குழுவின் எழுத்து மூல ஒப்புதலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போப்பியா சட்டம். 2013இல் நிறைவேறி, 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் பற்றிய தகவலுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் தேவை. மதம், இனம் போன்றவற்றை அது சிறப்புத் தகவல் என்று தனியாக வைத்துக் காக்கிறது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று இவற்றையெல்லாம் கேட்டுவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், வயது போதும். தெருப் பெயர் வேண்டாம், 'முற்றம் உள்ள வீடு, ஃபிளாட்' என்ற பிரிவு போதும். சம்மதத் தாளும் பதில் தாளும் தனித்தனிக் கட்டில் இருக்கட்டும்.

3. 'மனப்போக்கு' என்பதை ஐந்தாகப் பிரியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, நன்மை பற்றிய நம்பிக்கை. வெளியே விளையாடினால் உடம்புக்கும் படிப்புக்கும் நல்லதா? இதில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பதில்தான் சொல்வார்கள். இரண்டு கேள்விக்கு மேல் இதற்குச் செலவழிக்காதீர்கள்.

இரண்டாவது, பிடித்தம். பெற்றோருக்கே மண், மரம், கடல் எல்லாம் பிடிக்குமா? கையில் புழு ஊர்ந்தால் முகம் சுளிப்பாரா? இது நம்பிக்கையிலிருந்து வேறு. நல்லது என்று தெரிந்தும் தனக்குப் பிடிக்காத இடத்துக்கு யாரும் பிள்ளையை அடிக்கடி கூட்டிப் போவதில்லை.

மூன்றாவது, அச்சம். இதை ஒரே கேள்வியாகக் கேட்டால் வேலை கெட்டுவிடும். இந்த ஊரில் அச்சம் ஒரே வகை கிடையாது. பாம்பு ஒன்று: டர்பனின் புதர்க்காடுகளில் கறுப்பு மாம்பா உண்மையிலேயே இருக்கிறது, கற்பனை பயமில்லை. குரங்கு ஒன்று. ஆள் பயம் இன்னொன்று: புதர்ப்பாதையில் யார் நிற்பார்களோ என்பது. தண்ணீர் பயம் வேறு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கடற்கரைகளை மூடியதும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆள் பயம் உள்ளவருக்குக் காவலரோடு போகும் குழுப்பயணம் பதிலாகும். பாம்புப் பயத்துக்கு அது பதிலாகாது, வெட்டிச் சீராக்கிய பாதையும் மூடிய செருப்பும் வேண்டும். பிரித்துக் கேட்டால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியும்.

நான்காவது, அனுமதி. எவ்வளவு தூரம், யாரோடு, எந்த வயதில் விடுவார்கள்?

ஐந்தாவது, உண்மையில் நடந்தது. போன சனிக்கிழமை பிள்ளை எங்கே இருந்தது? கறாராகப் பார்த்தால் இது மனப்போக்கே இல்லை. ஆனாலும் இது இல்லாவிட்டால் மற்ற நான்கையும் எதோடு ஒத்துப் பார்ப்பது?

கார் இல்லை, சனிக்கிழமையும் ஷிப்ட் இருக்கிறது, பஸ் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதெல்லாம் மனப்போக்கில் சேராது. இவற்றைத் 'தடைகள்' என்று தனிப் பகுதியாகக் கேளுங்கள். அச்சத்தோடு கலந்துவிட்டால், சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் அம்மாவை 'இயற்கையில் ஆர்வமில்லாதவர்' என்று எழுதிவிடுவோம்.

4. ஏற்கெனவே உள்ள அளவுகோலை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அது எதை அளக்கிறது என்று படித்துவிட்டு எடுங்கள். 2004இல் மேயரும் ஃபிரான்ட்ஸும் வெளியிட்ட 14 வாக்கிய இயற்கைப் பிணைப்பு அளவுகோல், பதில் சொல்பவர் தனக்கும் இயற்கைக்கும் இடையே உணரும் நெருக்கத்தை அளக்கிறது. பிள்ளை பற்றி அதில் ஒன்றுமில்லை. 2018இல் ஹாங்காங்கில் உருவான 16 வாக்கியக் கருவி பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெற்றோரிடம்தான் கேட்கப்படுகிறது. ஆனால் அது அளப்பது பிள்ளைக்கும் இயற்கைக்கும் உள்ள நெருக்கத்தை. பெற்றோர் நிரப்புகிறார்கள் என்பதாலேயே இதைப் 'பெற்றோர் மனப்போக்கு' என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

பிடித்தத்துக்கு மட்டும் ஆயத்த அளவுகோல் ஒன்றை எடுத்து, அச்சத்தையும் அனுமதியையும் நீங்களே எழுதுவது நல்ல ஏற்பாடு. எடுத்ததில் ஒரு வாக்கியத்தை மாற்றினாலும் பிற ஊர் எண்களோடு ஒப்பிடும் உரிமை போய்விடும். ஒப்பிடத் தேவையில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள், மாற்றியதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

5. யார் பதில் சொல்வது, எந்தப் பிள்ளையைப் பற்றி?

பல வீடுகளில் பள்ளி விட்டதிலிருந்து ஆறு மணி வரை பிள்ளை ஆயா, தாத்தா பொறுப்பில்தான் இருக்கும். முற்றத்துக் கேட்டைத் திறப்பதும் பூட்டுவதும் அவர்கள். 'பெற்றோர்' என்று அம்மாவிடம் மட்டும் கேட்டால் அனுமதி பற்றிய பதில் பாதிதான் வரும். "போன வாரம் பள்ளி விட்ட பிறகு பிள்ளையை அதிக நேரம் பார்த்துக்கொண்டவர் யார்?" என்று கேட்டு, அவரையே பதில் சொல்ல வையுங்கள். இருவரிடமும் கேட்க முடிந்தால் இரண்டு தாளாக வையுங்கள். சராசரி போடாதீர்கள். அம்மா விடுவார், ஆயா விடமாட்டார் என்பதே உங்களுக்குத் தேவையான செய்தியாக இருக்கலாம்.

வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் "அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறது?" என்று கேட்டு அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் துறுதுறுப்பான பிள்ளையை நினைத்தே பதில் சொல்வார்கள். மகனுக்கும் மகளுக்கும் வேறு வேறு விதி உள்ள வீடுகளில் இது ரொம்ப முக்கியம்.

6. கேள்விகளை எழுதுதல்

"பிள்ளைகள் இயற்கையோடு பழகுவது நல்லது" என்ற வாக்கியத்தைக் கொடுத்தால் எல்லாரும் ஐந்தாம் கட்டத்தில் ('முழுக்கச் சரி') டிக் போடுவார்கள். எல்லாரும் ஒரே கட்டத்தில் இருந்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது, அளக்க எதுவும் மிஞ்சாது. எனவே விலை வையுங்கள்: "பரீட்சை வாரத்திலும் பிள்ளை தினமும் அரை மணி நேரம் வெளியே விளையாட வேண்டும்." "சட்டை சேறானாலும் பரவாயில்லை, மழை விட்டதும் முற்றத்தில் விளையாட விடுவேன்." எதையாவது விட்டுக்கொடுக்கச் சொன்னால்தான் ஆட்கள் பிரிவார்கள்.

ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம். "பாம்பும் திருடரும் இருப்பதால் காப்பகத்துக்கு அனுப்ப மாட்டேன்" என்பதில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

எதிர்மறை வாக்கியத்தில் கவனம். "விடக்கூடாது என்று நான் நினைக்கவில்லை" போன்ற இரட்டை மறுப்பைக் காதால் கேட்பவர் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று திணறுவார். ஆனால் எல்லா வாக்கியமும் ஒரே திசையில் இருந்தாலும் ஆபத்துதான், மரியாதைக்காக "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். "முற்றத்தில் விளையாடுவதைவிட வீட்டுக்குள் இருந்தால் எனக்கு நிம்மதி" என்பது போல, மறுப்புச் சொல் இல்லாமலே எதிர்ப்பக்கம் நிற்கும் வாக்கியங்களை இடையிடையே வையுங்கள்.

அனுமதிக்கு ஐந்து கட்டம் வேண்டாம், படிக்கட்டு போதும். "பெரியவர் துணை இல்லாமல் பிள்ளை எதுவரை போகலாம்?" முற்றம், கேட்டுக்கு வெளியே நடைபாதை, மூலையிலுள்ள டீ ரூம் (சின்னக் கடை), பார்க், காப்பகத்தின் வாசல், ஆற்றோரம். ஒவ்வொன்றுக்கும் போகலாம், போகக்கூடாது. ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதே அவருடைய மதிப்பெண். பார்க்குக்கு விடுவேன், டீ ரூமுக்கு விடமாட்டேன் என்று வரிசை குலைந்து பதில் வந்தால் அதை அழிக்காதீர்கள். குறுக்கே பெரிய ரோடு இருக்கலாம், காரணத்தை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைக் கேட்கும்போது "வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்காதீர்கள். யாருக்கும் தெரியாது, நல்ல பெற்றோருக்குப் பொருத்தமான ஒரு எண்ணைச் சொல்வார்கள். "போன சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை எங்கே இருந்தது? மத்தியானத்துக்குப் பிறகு? இருட்டும் வரை?" என்று ஒரு நாளை மூன்று துண்டாகக் கேளுங்கள். அன்று மழை பெய்ததா என்பதையும் குறியுங்கள்.

7. எந்த மொழியில்?

இளம் பெற்றோர் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் படிப்பார்கள், எழுதுவார்கள். வயதானவர்களில் தமிழ் பேசினால் புரிந்தும், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் உண்டு. ஆகவே ஆங்கிலத் தாள் படிப்பதற்கு, தமிழ்த் தாள் வாசித்துக் காட்டுவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வாக்கியம் வாயில் வரும்படி இருக்க வேண்டும். மேடைத் தமிழில் எழுதினால் வாசிக்கிற பையனே நடுவில் தன் சொல்லைப் போட்டுக்கொள்வான், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கேள்வியாகிவிடும்.

ஒருவர் தமிழாக்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டு போகட்டும். இரண்டு ஆங்கில வடிவமும் எங்கே விலகுகிறதோ அங்கே தமிழைத் திருத்துங்கள்.

காதால் கேட்பவருக்கு ஐந்து தேர்வுகளையும் ஒரே மூச்சில் சொன்னால் கடைசியாகக் கேட்டதுதான் நிற்கும். இரண்டு படியாகக் கேளுங்கள்: "சரிதானா, இல்லையா?" என்று முதலில், பிறகு "ரொம்பவா, கொஞ்சமா?" என்று. முடிவு சொல்லத் தயங்குகிறவரை நடுக் கட்டத்தில் வையுங்கள்.

8. தாளின் வரிசை

முதலில் போன சனிக்கிழமை. அப்புறம் அனுமதிப் படிக்கட்டு. அப்புறம் பிடித்தமும் அச்சமும். அதற்குப் பின் நன்மை. கடைசியில் தடைகளும் வயது, வீட்டு வகை போன்ற விவரங்களும்.

காரணம் இதுதான். "இயற்கை ரொம்ப நல்லது" என்று ஐந்து முறை சொன்ன ஒருவருக்கு, ஆறாவது கேள்வியில் "போன சனிக்கிழமை முழுக்க டிவிதான்" என்று சொல்ல வாய் வராது. நடந்ததை முதலில் வாங்கிவிட்டால் அதற்கு மேல் பூச்சு ஏறாது. பெரும்பாலான தாள்கள் இதைத் தலைகீழாகத்தான் வைத்திருக்கின்றன. தலைப்பிலும் 'இயற்கையைக் காப்போம்' என்று பச்சை மரப் படம் போடாதீர்கள், என்ன பதில் வேண்டும் என்பதை அதுவே காட்டிக் கொடுத்துவிடும். 'பிள்ளைகளின் ஓய்வு நேரம்' என்ற தலைப்பு போதும்.

9. முன்சோதனை

எட்டுப் பத்துப் பேரிடம் உட்கார்ந்து தாளை நிரப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் "இதைச் சொன்னபோது மனதில் என்ன வந்தது?" என்று கேளுங்கள். பதிலைவிட இந்த விளக்கத்தில்தான் சரக்கு இருக்கிறது.

ஒரு ஆயா "பேரன் ஆற்றோரம் போவது எனக்குப் பயமில்லை" என்ற வாக்கியத்துக்கு அழுத்தமாக ஆமா போட்டார். என்ன நினைத்தீர்கள் என்று கேட்டால், "அவன் எங்கய்யா போறான், நான்தான் விடுறதே இல்லையே, அப்புறம் என்ன பயம்?" என்கிறார். தாளில் அவர் பயமில்லாதவர். உண்மையில் அந்தத் தெருவிலேயே அதிகம் பயப்படுகிறவர் அவர்தான். வாக்கியத்தை "பேரன் ஆற்றோரம் போனதாகக் கேள்விப்பட்டால் எனக்குப் பதறும்" என்று மாற்றினால் சரியாகிவிடும். கணினியில் எந்தக் கணக்கைப் போட்டாலும் இந்தக் கோளாறு பிடிபட்டிருக்காது.

பத்தில் எட்டுப் பேர் ஒரே கட்டத்தில் விழும் வாக்கியத்தைத் தூக்கிவிடுங்கள். முழுத் தாளும் 15 நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள்.

10. எத்தனை பேர், எப்போது?

பெரிய ஊர் முழுவதையும் பற்றிப் பேச வேண்டுமானால், 95 சதவீத நம்பகத்தில் (நூறு முறை எடுத்தால் 95 முறை) கூடக்குறைய 5 சதவீதப் புள்ளி பிழைக்குள் நிற்க 384 பேர் வேண்டும். உங்கள் பள்ளியில் மொத்தமே 300 குடும்பம் என்றால் 169 போதும். பெரிய ஊரில் 100 பேரை மட்டும் கேட்டால் பிழை கிட்டத்தட்ட 10 புள்ளிக்குப் போகும். இந்தக் கணக்கெல்லாம் குலுக்கல் முறையில் ஆளை எடுத்தால்தான் செல்லும். வாட்ஸாப்பில் லிங்க் போட்டு, வந்தவர்களை எண்ணினால் ஆயிரம் பேர் வந்தாலும் செல்லாது. ஆர்வமுள்ளவர்தான் அமுக்குவார். பெயர்ப் பட்டியலை வாங்கி, குலுக்கி எடுத்து, அவர்களையே தேடிப் போங்கள். வீட்டில் இல்லை என்று பக்கத்து வீட்டைத் தட்டாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவர்களின் பதிலாகவே மொத்தமும் மாறிப்போகும்.

பள்ளித் தவணையின் நடுவாரங்கள் நல்லவை. டிசம்பர் விடுமுறையில் எல்லாரும் கடற்கரையில் இருப்பார்கள். தைப்பூசக் காவடி வாரத்திலும் புரட்டாசியிலும் சனிக்கிழமைகள் கோவிலுக்குப் போய்விடும். இரண்டுமே வழக்கமான சனிக்கிழமையைக் காட்டாது. கனமழைக்கு மறுவாரமும் வேண்டாம், தண்ணீர் பயம் எகிறியிருக்கும்.

11. கேட்கப் போகும் நாள்

பிள்ளையை வேறு அறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது பக்கத்தில் நின்று "எப்பம்மா விட்டீங்க?" என்று கேட்டால் பேட்டி அதோடு முடிந்தது. ஆசிரியரோ கோவில் குருக்களோ கேள்வி கேட்கப் போகவே கூடாது. அவர் முகத்தைப் பார்த்து யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள்.

விளக்கம் கேட்டால் கேள்வியை அப்படியே திரும்ப வாசியுங்கள், உங்கள் சொந்தச் சொல்லில் விளக்காதீர்கள். பாம்பு பற்றிப் பேச்சு வந்தால் "அது தானா வந்து கடிக்காது ஆயா" என்று சமாதானம் சொல்லும் ஆசையையும் அடக்குங்கள். போனது அளக்க, திருத்த இல்லை.

12. எண்ணாக்குதல்

எதிர்ப்பக்க வாக்கியங்களை முதலில் திருப்புங்கள்: ஐந்து கட்டமென்றால் 6இலிருந்து விடையைக் கழிக்க வேண்டும், 2 என்பது 4 ஆகும். இதை மறந்தால் மற்றதெல்லாம் குழம்பிவிடும். திருப்பிய எண்ணைப் புது நெடுவரிசையில் எழுதுங்கள், மூலத்தின் மேல் எழுதினால் திருப்பியாயிற்றா இல்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக குரோன்பாக் ஆல்ஃபா பாருங்கள்; ஒரு பகுதியின் வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் அது. 0.7க்கு மேல் இருந்தால் அந்த வாக்கியங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கலாம். ஒரு வாக்கியத்துக்கும் பகுதியின் மற்ற வாக்கியங்களின் கூட்டுக்கும் உள்ள தொடர்பு 0.3க்குக் கீழே என்றால் அதை வெளியே எடுத்துப் பாருங்கள். அச்சப் பகுதியில் ஆல்ஃபா குறைந்தால் பதறாதீர்கள். பாம்புக்குப் பயப்படுகிறவர் ஆளுக்கும் பயப்பட வேண்டும் என்று என்ன கட்டாயம்? அங்கே சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு பயத்தையும் தனியாகவே சொல்லுங்கள்.

ஐந்து பகுதிகளையும் கூட்டி 'இயற்கை மதிப்பெண் 72' என்று ஒரு எண்ணைத் தர வேண்டாம். நன்மையில் முழு மதிப்பெண்ணும் அனுமதியில் பூஜ்யமும் வாங்கியவரும், இரண்டிலும் நடுவில் நிற்பவரும் அந்தக் கூட்டலில் ஒரே ஆளாகிவிடுவார்கள். குழுவில் யாராவது ஒரே எண்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். அப்போது முதல் படியில் எழுதிய வரியைக் காட்டுங்கள். அதற்குப் பதில் சொல்வது பெரும்பாலும் அச்சத்தையும் அனுமதியையும் குறுக்கே வைத்துப் போட்ட நான்கு கட்ட அட்டவணைதான்: பயமுண்டு, ஆனாலும் விடுவார். பயமுண்டு, விடமாட்டார். பயமில்லை, விடுவார். பயமில்லை, ஆனாலும் விடமாட்டார். கடைசிக் கட்டத்தில் ஆட்கள் கணிசமாக இருந்தால் தடைகள் பகுதியைத் திறந்து பாருங்கள், கார், ஷிப்ட், பஸ் காசு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

13. திருப்பிச் சொல்லுதல்

முடிவை முதலில் பதில் சொன்ன பெற்றோருக்கே சொல்லுங்கள், ஒரு பக்கத்தில், சதவீதத்தோடு எண்ணிக்கையும் சேர்த்து. ஃபிளாட்டில் வசிப்பவர்கள் ஏழே பேர் என்றால் அவர்களைத் தனியாகப் பிரித்துக் காட்டாதீர்கள், யார் என்ன சொன்னார் என்று தெருவே கண்டுபிடித்துவிடும். குலுக்கல் பட்டியலில் இருந்த பெயர்களையும் தொலைபேசி எண்களையும் இனி தேவையில்லை என்றானதும் அழித்துவிடுங்கள், தேவை தீர்ந்த தகவலை வைத்திருக்கப் போப்பியா விடாது. அடுத்த ஆண்டு அதே ஆட்களிடம் மறுபடி கேட்கும் எண்ணம் இருந்தால் அதற்கான சம்மதத்தை முதல் தாளிலேயே தனிக் கட்டமாக வாங்கியிருக்க வேண்டும்.